‘ஈரக்கயிறு’க்கு முன்னால் சொல்கிற கதை

இந்தக் கதை உண்மைதானா என்கிற சந்தேகம் எனக்குப் பல வருஷமாக உண்டு. சந்தேகம் என்பதுகூடப் பெரிய வார்த்தை. பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி அது. நாக்கு தானாகப் போய்த் தொட்டுவிட்டு வரும், எடுக்க வராது, வலிக்கவும் செய்யாது, வேறு யோசனை வந்தால் மறந்துபோகும். இன்றைக்கு மறக்கவில்லை. மேடையில் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், மடியில் ஊத் என்கிற அரபுத் தந்தி வாத்தியம், எதிரே காலி இருக்கைகள் வரிசை வரிசையாக. ஏசி இன்னும் போடவில்லை, சாயங்காலம் ஜனம் வரும்போதுதான் போடுவார்களாம். அரங்கத்தின் கடைசியில் மிக்ஸர் முன்னால் ஹக்கீம் நின்றுகொண்டு ஒவ்வொரு மைக்காகச் சரிபார்க்கிறான். சவுண்ட் செக்கில் ஒரே ஒரு சட்டம்தான்: ஒருத்தர் வாசிக்கும்போது மற்றவர்கள் கை சும்மா இருக்க வேண்டும். ஊத்தின் முறை கடைசியில் வரும், பெரிய வயிறு, கொஞ்சம் ஏற்றினாலும் ஊளையிடும், அதனால் எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் என்னிடம் வருவார்கள், அதுவரை எனக்கு வேலை இல்லை, வேலை இல்லாதது இன்றைக்கு நல்லதில்லை. “எத்திராஜண்ணா, பெந்திர் மட்டும் குடுங்க,” என்று ஹக்கீமின் குரல் காலடி ஸ்பீக்கரில் வருகிறது. எத்திராஜ் அந்த மொரோக்கோ தப்பட்டையை இடது பெருவிரலில் மாட்டிக்கொண்டு அடிக்கிறான். தும். தும். தோலுக்குள் குறுக்கே கட்டிய நரம்பு கரகரக்கிறது. “அந்தக் கரகரப்பக் கொறைக்கட்டாண்ணா?” “டேய், அது கொறஞ்சா அப்புறம் இன்னாடா கீது இதுல? மாவு சலிக்கிற சல்லடைதான். வுடு.” பேஸ் கிதாருக்குப் பின்னாலிருந்து நிர்மல் சிரிக்கிறான். நானும் சிரித்திருப்பேன் என்று நினைக்கிறேன், முகம் அசைந்தது. இன்றைக்கு எங்கள் குழு ‘கொண்டல்’ ஆரம்பித்து இருபத்தைந்து வருஷம். வாசலில் பேனர் கட்டியிருக்கிறார்கள், அதில் எங்களோடு பாடிய கஸ்பார் படம் மட்டும் கறுப்பு வெள்ளையில், நாங்கள் மூன்று பேரும் கலரில். முதல் வரிசையில் நடு இருக்கையில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது, பிலோமினா என்று. கஸ்பாரின் மனைவி. இத்தனை வருஷத்தில் எங்கள் நிகழ்ச்சிக்கு வந்ததே இல்லை. இன்றைக்கு வருகிறாள். சால்வை போடப் போகிறோம். அதற்குப் பிறகு ‘ஈரக்கயிறு’ பாடுவோம். அதைப் பாடுவதற்கு முன்னால் எத்திராஜ் அந்தக் கதையைச் சொல்வான்.

கதை இதுதான். எத்திராஜ் தப்பட்டையைக் கீழே வைத்துவிட்டு மைக் அருகே வருவான், விளக்கு கொஞ்சம் மங்கும், நான் ஊத்தின் கனமான தந்தியை மட்டும் மெல்ல மீட்டத் தொடங்குவேன், அந்த ஒற்றை சுரத்தின் மேல் அவன் பேசுவான். “அன்னிக்கு மத்தியானம். காசிமேட்டுல மழ வர்ற மாதிரி இருட்டிக்கினு கீது. நான் வண்டியில போறேன். கஸ்பாரு வாசல்ல குந்திக்கினு வல பின்னிக்கினு கீறான். மச்சான், தேதி மாறிடுச்சுடா, நாளைக்கே ஃப்ளைட்டு, கெளம்புன்னேன். தல தூக்கல. ஊசிய வலையில குத்தி வெச்சான். நீங்க போங்கடா, என் கொரல் அவ்ளோ தூரம் வராதுன்னான்.” இங்கே நிறுத்துவான். இங்கே நான் தந்தியை விட்டுவிட வேண்டும், அது தேய்ந்து அடங்கும்வரை சபையில் ஒரு இருமல்கூடக் கேட்காது. பிறகு அவன், “ஆனா பாருங்க, வந்துருச்சு,” என்பான். கைதட்டல். கைதட்டல் அடங்குவதற்குள் பாட்டைத் தொடங்கிவிடுவோம். எத்திராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் முதல் வரியைப் பாடுவான். அந்தக் கண்ணீர் நடிப்பில்லை. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், எனக்குத் தெரியும். ஆனால் கண்ணீர் எதற்குச் சாட்சி? நானும்தான் அந்த இடத்தில் அழுதிருக்கிறேன், நம்பாமலே அழுதிருக்கிறேன், தந்தி அடங்குகிற அந்தச் சின்ன இடைவெளி யாரையும் அழவைக்கும், அங்கே கஸ்பார் பேரை எடுத்துவிட்டு வேறு எந்தப் பேரை வைத்தாலும் அழவைக்கும். கோவாவில், கொச்சியில், பெர்லினில், மயிலாப்பூரில், கல்யாண ரிசப்ஷன்களில், சாஃப்ட்வேர் கம்பெனிகளின் ஆண்டு விழாவில், எங்கெல்லாமோ அந்தக் கதைக்கு நான் பக்கவாத்தியம் வாசித்திருக்கிறேன். பாட்டுக்கு வாசிப்பது வேறு. கதைக்கு வாசிப்பது வேறு. பாட்டு யாரிடமும் என்னை நம்பு என்று கேட்பதில்லை.

தும். தகதும். ஹக்கீம் இப்போது மரப்பெட்டிக்கு வந்திருக்கிறான், எத்திராஜ் அதன்மேல் உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவில் தட்டுகிறான், பெரு நாட்டுக்காரர்களின் பெட்டி, முதலில் எங்களிடம் இருந்தது ராயபுரம் மார்க்கெட்டில் எடுத்த தக்காளிப் பெட்டிதான், அதில் ப்ளைவுட் அடித்து எத்திராஜே செய்தான். அப்போது நிர்மலின் மாமா கப்பலில் ஃபிட்டர். போகிற துறைமுகத்தில் எல்லாம் கேசட் வாங்கிக்கொண்டு வருவார், என்ன பாட்டு என்று அவருக்கே தெரியாது, தாளம் இருந்தால் சரி. லேத் பட்டறை மாடியில், கீழே இரும்பு கடைகிற சத்தத்துக்கு மேலே, அந்தக் கேசட்டுகளைப் போட்டுக் கேட்போம். ஆப்பிரிக்காவுக்கு மேற்கே ஏதோ தீவிலிருந்து ஒரு பொம்பளை பாடியது. பாஷை புரியாது. கஸ்பார் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தவன், “டேய், இது கயிறு இழுக்கிற மூச்சுடா,” என்றான். “எங்க அம்பாப் பாட்டு மாதிரியே கீது. பாரு, இங்க இழுக்கிறாங்க, இங்க வுடுறாங்க.” இழுத்துக் காட்டினான், கையில் இல்லாத கயிறை. வலை இழுக்கும்போது அவன் அப்பன் பாடியது, அவன் லாஞ்சில் பாடியது. அந்த மூச்சின் மேல் நான் மாண்டலினை வைத்தேன், எத்திராஜ் பெட்டியை வைத்தான், நிர்மல் கீழே ஒற்றைச் சுரத்தில் நின்றான். அப்படித்தான் ‘ஈரக்கயிறு’ வந்தது. குழுவுக்குப் பேர் வைத்ததும் அவன்தான். கொண்டல் என்றால் மழையைக் கொண்டுவருகிற கீழ்க்காற்று என்றான், நிர்மல் ஏதோ இங்கிலீஷ் பேர் சொன்னதற்கு, “அத உங்க மாமன் கப்பலுக்கு வெச்சுக்க,” என்றான். கல்லூரி விழாக்களில் கூச்சல் போட்டு எங்களை இறக்கிவிட்டிருக்கிறார்கள். சினிமாப் பாட்டு பாடுங்க என்று செருப்பு வந்தது ஒரு தடவை. கஸ்பார் அதை எடுத்து அளவு பார்த்துவிட்டு, “இன்னொண்ணையும் போடுப்பா, நாளைக்குக் கோயிலுக்குப் போவணும்,” என்றான் மைக்கில். அதற்குப் பிறகு அந்தக் கல்லூரிப் பையன்கள் கடைசிவரை கேட்டார்கள். அது அவனால்தான் முடியும். எத்திராஜ் நன்றாகப் பாடுகிறான், சுருதி விலகாது, மூச்சு நிற்கும், ஆனால் செருப்பு வந்தால் அவன் சண்டைக்குப் போவான். அவனைக் குறை சொல்வதற்காக இதை நினைக்கவில்லை. அல்லது அதற்காகத்தான் நினைக்கிறேனா. என் மனசை நானே நம்பாமல் எத்தனை காலம் இப்படி உட்கார்ந்திருப்பது.

பெங்களூரில் அவன் குரல் உடைந்தது. மேல் சுரத்தில் போய் நின்றவன் அங்கேயே இல்லாமல் போனான், வாய் திறந்திருக்கிறது, காற்று மட்டும் வருகிறது. எத்திராஜ் சட்டென்று அந்த வரியை எடுத்துப் பாடிவிட்டான். சபைக்குத் தெரியவே இல்லை. அன்றைக்கு முன்வரிசையில் பிரெஞ்சுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார், பிரான்ஸில் மார்சே நகரத்தில் நடக்கிற இசை விழாவுக்கு ஆள் தேடி வந்தவர். அவர்தான் எங்களைக் கூப்பிட்டார், நான்கு பேரையும். ஆனால் நிகழ்ச்சி முடிந்து மேடைக்குப் பின்னால் வந்தவர் எத்திராஜின் கையைத்தான் முதலில் பிடித்தார். கஸ்பார் சுடுதண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். பாஸ்போர்ட் எடுத்தோம், விசா வந்தது, நான்கு பேருக்கும் வந்தது. பெரியமேட்டில் நேபாளத்துக்காரர்கள் பிளாட்பாரத்தில் கம்பளி விற்கிற காலம், நாங்கள் மூன்று பேரும் போய் ஸ்வெட்டர் வாங்கினோம், கஸ்பார் அன்று கடலுக்குப் போயிருந்தான். பிறகு பிரான்ஸிலிருந்து பட்டறைக்குப் போன் வந்தது. எங்கள் நிகழ்ச்சியை முன்கூட்டியே வைத்துவிட்டார்கள், விமானமும் மாறிவிட்டது, சொன்ன தேதிக்கு முன்னாலேயே கிளம்ப வேண்டும், நாளைக்கே. எங்கள் யார் வீட்டிலும் அப்போது போன் கிடையாது. எத்திராஜ் வண்டியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னான். என் வீட்டுக்கு வந்தது ஞாபகம் இருக்கிறது. கேட்டுக்கு வெளியே நின்றான், இன்ஜினை அணைக்கவில்லை, ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. “நாளைக்கே ஃப்ளைட்டு. மூட்டையக் கட்டு,” என்றான். “கஸ்பாருக்குச் சொல்லிட்டியா?” என்று கேட்டேன். கேட்டேனா? கேட்டதாகத்தான் ஞாபகம். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவன் சொன்னது சரியாகக் காதில் விழவில்லை, தலை அசைந்தது, அது ஆமாம் என்பதா, போகிறேன் என்பதா, நேரமாகிறது என்பதா. மறுநாள் விமான நிலையத்துக்குப் போகிற வேனில் மூன்று பேர்தான் இருந்தோம். காசிமேட்டுப் பக்கம் திரும்பவேண்டிய இடத்தில் வேன் திரும்பவில்லை. “கஸ்பாரு?” என்றான் நிர்மல். எத்திராஜ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே, “வரல. போங்கடான்ட்டான்,” என்றான். அவ்வளவுதான். இரண்டே வார்த்தை. மழை இல்லை, வலை இல்லை, ஊசி இல்லை, அவ்ளோ தூரம் வராது என்பது இல்லை. விமானத்தில் என் பக்கத்து இருக்கை காலியாக வந்தது. கொஞ்ச நேரம் கழித்து நிர்மல் அதன்மேல் காலை நீட்டிப் படுத்துத் தூங்கினான்.

“நிர்மலண்ணா, பேஸ்.” நிர்மல் வாசிக்கிறான், நாற்காலியின் கால் வழியாக அது என் முதுகெலும்புக்குள் ஏறுகிறது. மார்சேயில் குளிர் அப்படித்தான் ஏறியது. விழா முடிந்த மறுநாள் ஒரு பத்திரிகைக்காரி வந்தாள், மொழிபெயர்க்க ஒரு புதுச்சேரிக்காரர். நாலாவது ஆள் எங்கே என்று கேட்டாள். வரவில்லை, எங்களைப் போகச் சொல்லிவிட்டான் என்றான் எத்திராஜ். அவர் மீனவரா என்று கேட்டாள். ஆமாம். அப்போது அவர் வலை பின்னிக்கொண்டிருந்தாரா என்று கேட்டாள். நான் அங்கே இருந்தேன். எத்திராஜ் ஒரு கணம் யோசித்தான். பிறகு, ஆமாம் என்றான். வலை கதைக்குள் வந்தது அப்படித்தான், ஒரு பிரெஞ்சுக்காரி கையால் வந்தது. கஸ்பார் லாஞ்சில் இன்ஜின் பார்க்கிறவன், கரையில் இருந்தால் ஐஸ் பெட்டி ஏற்றுவான், அவன் வலை பின்னி நான் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்பதற்காக அவன் பின்னியதே இல்லை என்றாகுமா. மழை கோவாவில் வந்தது, அன்றைக்கு அங்கே நிஜமாகவே இருட்டிக்கொண்டிருந்தது. ஊசி அதற்கப்புறம். “என் கொரல் அவ்ளோ தூரம் வராது” எங்கே வந்தது என்று எனக்குத் தெரியவில்லை, ஒருநாள் மேடையில் இருந்தது, நானும் அது எப்போதும் அங்கேயே இருந்த மாதிரி தந்தியை விட்டேன். என் கணக்கு இதுதான்: நடந்தது வருஷம் ஆக ஆகத் தேயும். எனக்கு என் அம்மா முகத்தில் மூக்குத்தி எந்தப் பக்கம் என்று மறந்துவிட்டது. இது மட்டும் வருஷம் ஆக ஆக வளர்கிறது. அதோடு தாளத்துக்குள் வந்துவிட்டது. நான் காதால் பிழைக்கிறவன், எனக்குக் கேட்கிறது, வேனில் சொன்னது தாளமில்லாமல் தடுக்கி விழுந்தது, இப்போது சொல்வது ஏழு எண்ணிக்கையில் அடங்கி அடங்கி வருகிறது, ‘குத்தி வெச்சான்’ எப்போதும் ஒரே இடத்தில்தான் விழும். நடந்ததைச் சொல்கிறவன் எங்காவது தடுமாறுவான், இல்ல இல்ல அதுக்கு முன்னாடி என்பான். எத்திராஜ் ஒரு தடவைகூட முன்னாடி என்று சொன்னதில்லை. ஆனால் பாட்டும் அப்படித்தானே வளர்கிறது? ‘ஈரக்கயிறு’ முதலில் நாலு வரிதான். அது வளர்ந்ததால் பொய்யாகிவிட்டதா? அவன் தோலில் அடிக்கிறவன், எதைச் சொன்னாலும் தாளத்தில்தான் வரும், ஆட்டோக்காரனிடம் பேரம் பேசினாலும் தாளத்தில்தான் பேசுவான். இப்படி ஒரு பதில் எனக்குள்ளேயே எப்போதும் தயாராக இருக்கிறது. கேள்வியைவிட பதில் சீக்கிரம் வந்துவிடுகிறது, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

கஸ்பாரையே கேட்டிருக்கலாம். உயிரோடுதானே இருந்தான். நாங்கள் திரும்பி வந்த பிறகு அவன் பட்டறைக்கு வரவில்லை, போய்க் கூப்பிடலாமா என்றதற்கு, “வர மாட்டாண்டா, அவன இம்ச பண்ணாத,” என்றான் எத்திராஜ். ஒருநாள் துறைமுக கேட்டுக்கு எதிரே டீக்கடையில் பார்த்துவிட்டேன். ஐஸ் ஏற்றிய சாக்கு ஈரம் தோளில் இருந்தது. டீ வாங்கிக் கொடுத்தேன், இல்லை, அவன்தான் வாங்கிக் கொடுத்தான். “அங்க குளுரா?” என்று கேட்டான். “குளுருதான்,” என்றேன். “எவ்ளோ குளுரு?” “பல்லு அடிச்சுக்கும்.” “உம்,” என்றான். டீயை ஊதி ஊதிக் குடித்தான். “பாட்டு எப்டிப் போச்சு?” “நல்லாப் போச்சு.” “யாரு பாடினா?” “எத்திராஜு.” “அவன் மேல் சொரம் நல்லா எடுப்பான்,” என்றான், அதில் குத்தல் இருந்ததா என்று இன்னும் திருப்பித் திருப்பிக் கேட்டுப் பார்க்கிறேன், கேசட்டை ரிவைண்ட் செய்கிற மாதிரி, ரிவைண்ட் செய்யச் செய்ய நாடா தேய்ந்து இப்போது அவன் குரலே கேட்பதில்லை, என் குரலில்தான் கேட்கிறது. நீ ஏன்டா வரல என்று அவனைக் கேட்டிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. கேட்டிருந்தால் அவன் என்னைப் பார்த்து, நீங்க ஏன்டா கூப்பிடல என்று கேட்டுவிடுவானோ என்று இருந்தது. டம்ளரை வைத்துவிட்டு, வரேன் மச்சான் என்று எழுந்துகொண்டேன். அதற்குப் பிறகு அவனை மஞ்சள் காமாலையில் கிடந்தபோதுகூடப் பார்க்கவில்லை, நாங்கள் லிஸ்பனில் இருந்தோம். ஒரு கம்ப்யூட்டர் சென்டரில், கஸ்பார் இறந்த செய்தி வந்த மெயிலைத் திறந்த நிர்மல் திரையை எங்கள் பக்கம் திருப்பினான். அன்றும் மேடை ஏறினோம். அன்றுதான் எத்திராஜ் முதல்முதலாகப் பாட்டுக்கு முன்னால் கதையைச் சொன்னான். மார்சேயில் வாங்கிய ஊத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்த நான், பேச்சு வெறுமையாக இருக்கிறதே என்று ஒரு தந்தியைத் தட்டினேன். யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் தட்டினேன். இந்த வாத்தியத்தைக் கஸ்பார் கேட்டதே இல்லை.

அப்புறம் எல்லாம் ஏறி எல்லாம் இறங்கியது. வெளிநாட்டில் இரண்டு ஆல்பம், அதை வெளியிட்ட கம்பெனி மூடிக்கொண்டது, சினிமாவில் ஒரு சோகக் காட்சிக்குப் பின்னால் எங்கள் பாட்டைக் கால் நிமிஷம் போட்டார்கள். நிர்மல் இன்ஷூரன்ஸ் வேலைக்குப் போனான், நான் பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார் ஆனேன். போன வருஷம் யாரோ ஒரு பெண் அந்தக் கதையை மட்டும் வெட்டி ரீலாகப் போட்டாள். ஆனா பாருங்க வந்துருச்சு என்கிற வரியோடு. லட்சக்கணக்கில் பார்த்தார்களாம். பாட்டை யாரும் வெட்டிப் போடவில்லை, கதையைத்தான். அதனால்தான் இந்த வெள்ளி விழா, இந்த அரங்கம், பேனர். நேற்றுக் காலையில் பிலோமினா போன் செய்தாள், நம்பர் எங்கே வாங்கினாளோ. “தணிகாண்ணா, மேடையில நான் இன்னா பேசணும்?” “ஒண்ணும் பேச வேணாம்மா. சால்வைய வாங்கிக்கினு உக்காந்துக்க.” “எந்தக் கலரு புடவ கட்டறது?” “எதுனா கட்டும்மா.” “நீங்க சொல்ற அந்தக் கதைய மருமவன் போன்ல போட்டுக் காட்டினாரு,” என்றாள். போனை மறுகாதுக்கு மாற்றினேன். “நல்லாகீதுண்ணா,” என்றாள். அவ்வளவுதான். ஆமாம் அப்படித்தான் சொன்னார் என்று சொல்லவில்லை. அப்படி இல்லையே என்றும் சொல்லவில்லை. படம் எப்படி என்று கேட்டால் சொல்கிற மாதிரி, குழம்பைப் பற்றிச் சொல்கிற மாதிரி, நல்லாகீது. போனை வைக்கப்போகும்போதுதான், “ண்ணா, அவரு வாங்கின கம்பளி ஸ்வெட்டரு ஒண்ணு பீரோவுல கீது. பச்ச கலரு. மடிப்புகூடக் கலையல. உங்களுக்கு ஆவும்னா எடுத்தாரட்டா? வெளியூருக்கெல்லாம் போறீங்களே,” என்றாள். வேண்டாம்மா என்றேன். போனை வைத்துவிட்டு எதற்கு எழுந்தேன் என்று தெரியாமல் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டிருந்தேன். ஸ்வெட்டர் வாங்கியிருக்கிறான். எங்களோடு வரவில்லை, தனியாகப் போய் வாங்கியிருக்கிறான், பெரியமேடு பிளாட்பாரத்தில் தோளில் வைத்து அளவு பார்த்திருப்பான், சென்னை வெயிலில் கம்பளியைப் போட்டுப் பார்த்துச் சிரித்திருப்பான். வரமாட்டேன் என்று நினைக்கிறவன் வாங்குவானா. வாங்கிவிட்டுப் பிறகு மனசு மாறியிருக்கலாம். குரல் உடைந்தவன், வெள்ளைக்காரர்கள் முன்னால் மறுபடி உடைந்தால் என்ன ஆவது என்று பயந்திருக்கலாம், எனக்கு அந்தப் பயம் தெரியும், எந்தப் பாடகனுக்கும் தெரியும். எத்திராஜ் சொல்வது மொத்தமும் உண்மையாகவே இருக்கலாம். அப்படியானால் இத்தனை வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவனை, பிலோமினா மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவனை, நான் மனசுக்குள் கொலைகாரனாக வைத்திருந்திருக்கிறேன். இல்லையென்றால். இல்லையென்றால் கஸ்பார் பழைய தேதிக்குத் தயாராக, பெட்டி கட்டிவைத்துக்கொண்டு, வேன் வரும் என்று வாசலில் நின்றிருப்பான். பிலோமினா பக்கத்தில் நின்றிருப்பாள். நாங்கள் அதற்கு முன்னாலேயே மார்சேயில் அவன் பாட்டைப் பாடி முடித்துவிட்டிருப்போம். இரண்டில் எது என்று அவளுக்குத் தெரியும். சாயங்காலம் அந்தக் காகிதம் ஒட்டிய இருக்கையில் உட்கார்ந்து கேட்பாள், எத்திராஜ் நிறுத்துகிற இடத்தில் நான் தந்தியை விட வேண்டும், அது அடங்கும்வரை அவள் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு கூட்டம் கைதட்டும். அவளும் தட்டுவாள். நல்லாகீதுண்ணா என்பாள்.

“தணிகாண்ணா, ஊத்.” மீட்டுகிறேன். ஹக்கீம் எதையோ திருகுகிறான், ஊளை எழுந்து அடங்குகிறது. “உங்க முன்னாடி இருக்கிற மைக்லயும் ஒரு வார்த்த சொல்லுங்கண்ணா.” “ஒண்ணு, ரெண்டு,” என்கிறேன். என் குரல் அரங்கத்தின் கடைசிச் சுவர் வரைக்கும் போய்த் திரும்பி வருகிறது, வேறு யாரோ கிழவன் எண்ணுகிற மாதிரி. “சூப்பர். எத்திராஜண்ணா, பேசுற மைக்கையும் பாத்துடலாம். அந்தக் கதையையே சொல்லுங்க, தணிகாண்ணா ஊத்தோட. லெவல் வெச்சுக்கறேன்.” எத்திராஜ் எழுந்து வருகிறான், முழங்கால் வலிக்கிறது போல, மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், முடி நரைத்து, சட்டை முதுகில் வேர்வையோடு ஒட்டி. காலி அரங்கத்தைப் பார்த்து அதே குரலில் தொடங்குகிறான். “அன்னிக்கு மத்தியானம். காசிமேட்டுல மழ வர்ற மாதிரி இருட்டிக்கினு கீது.” என் வலது கை தந்தியின் மேல் இருக்கிறது. அசையவில்லை. நான்தான் அசைக்கவில்லையா, அதுவாக நின்றுவிட்டதா. அவன் இரண்டு வரி போய்விட்டான், அடியில் சுரம் இல்லாமல் அந்தப் பேச்சு எவ்வளவு மெலிந்திருக்கிறது, தெருவில் நின்று வழி சொல்கிறவன் பேச்சு மாதிரி இருக்கிறது. “நான் வண்டியில போறேன். கஸ்பாரு வாசல்ல...” நிறுத்திவிட்டான். திரும்பிப் பார்க்கிறான். “இன்னாடா, தூங்கிட்டியா? மீட்டு.” “ஊத் லைன் போச்சாண்ணா?” என்று ஹக்கீம் பின்னாலிருந்து கத்துகிறான். “லைன் நல்லாதான் கீது,” என்கிறேன், என் மைக் திறந்திருக்கிறது, அது எல்லா ஸ்பீக்கரிலும் வருகிறது. நிர்மல் பேஸின் மேலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்க்கிறான். எத்திராஜின் முகத்தில் சிரிப்பு பாதியில் நிற்கிறது, இன்னும் போகவில்லை, போவதா இருப்பதா என்று அதற்கே தெரியவில்லை. நான் ஊத்தை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைக்கிறேன். மைக்கைத் திருப்பி வைத்துவிட்டுக் கேட்டிருக்கலாம், அவன் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டிருக்கலாம், அப்படிக் கேட்பதற்கு எனக்கு இருபத்து மூன்று வருஷம் இருந்தது.

“எத்திராஜு,” என்கிறேன். “அன்னிக்கு நீ கஸ்பாரு வூட்டுக்குப் போனியாடா?”